ஒரே விடைக்கு 5 மதிப்பெண்ணும் 3 மதிப்பெண்ணும்: என் பார்வையை எப்படித் திருத்துவது?

கேள்வி (பென்னாகரம், ஆசிரியை):
வணக்கம். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, ஒரு மாணவன் தன் தாளையும் முதல் வரிசை மாணவி ஒருத்தியின் தாளையும் என் மேசையில் அருகருகே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றான். ஒளிச்சேர்க்கை வினாவுக்கு இருவரும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் எழுதியிருந்தார்கள். சமன்பாடும் இருவருக்கும் சரி. அவளுக்கு 5, அவனுக்கு 3. அவளுடைய எழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது. அவன் தாளில் அடித்தலும் திருத்தலும், மை ஒட்டிய விரல் தடமும்.

வகுப்பில் தூங்குகிறான், ஆகவே அக்கறையில்லாதவன் என்று ஜூன் மாதமே முடிவு கட்டியிருந்தேன். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருக்கும் அவன், விடியுமுன் இரண்டு மாடுகளைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான் என்பது பிறகே தெரிந்தது. அவன் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். மற்றத் தாள்களில் யாருக்கு என்ன செய்திருக்கிறேனோ என்ற எண்ணம்தான் உறங்கவிடவில்லை. மனமறிந்து ஓரவஞ்சனை செய்பவள் அல்ல நான். இதை எப்படித் தவிர்ப்பது?

பதில் 1 (ஊத்தங்கரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
மனமறிந்து செய்தால் நிறுத்திவிடலாம் அம்மா. அறியாமல் நடப்பதால்தான் இது கடினம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் இதைக் கவனித்து எழுதினார். இராணுவ அதிகாரிகள் தம் கீழிருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டும், ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தவராகவே வந்தார். இதை ஒளிவட்ட விளைவு என்பார்கள். அழகான கையெழுத்தும் அப்படியொரு ஒளிவட்டமே.

நியாயமாக இருக்க வேண்டும் என்று உறுதி எடுப்பது போதாது. வேலை செய்யும் முறையை மாற்றுங்கள். பெயருள்ள பக்கத்தைப் பின்னால் மடித்துவிடுங்கள். ஒரு தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லோருடைய முதல் வினாவையும் முடித்து, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு இரண்டாம் வினாவுக்குப் போங்கள். எழுத்தை மறைக்க முடியாதுதான்; ஆனால் ஒரு விடையில் பிறந்த எண்ணம் அடுத்த விடைக்குத் தொற்றுவது பெரிதும் குறையும்.

பதில் 2 (தருமபுரி, உளவியல் மாணவி):
ஜூன் மாதமே முடிவு கட்டியதாக எழுதியிருக்கிறீர்களே, அங்குதான் வேர் இருக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-இல், அறிவாளி, உழைப்பாளி என்று தொடங்கிப் பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடியும் ஒரு மனிதரின் குணப் பட்டியலைச் சிலருக்கும், அதையே தலைகீழாக்கி வேறு சிலருக்கும் வாசித்தார். சொற்கள் அவையே, ஆனால் நல்லதை முதலில் கேட்டவர்களுக்கே அந்த மனிதரைப் பற்றி மேலான எண்ணம் உண்டாயிற்று. உங்கள் மாணவனைப் பற்றி நீங்கள் முதலில் அறிந்தது தூக்கம். மாடு கறப்பதை முதலில் அறிந்திருந்தால், அதே தூக்கம் உழைப்பின் களைப்பாகத் தெரிந்திருக்கும்.

பதில் 3 (காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டி):
நானும் மாடு கறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனவன்தான். ஒன்றைச் சொல்ல வேண்டும்: இனி அவன்மேல் இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். என் வீட்டு நிலை தெரிந்த ஓர் ஆசிரியர் தவறான கணக்குக்கும் சரி போட்டார். பத்தாம் வகுப்பில்தான் என் அடித்தளம் எவ்வளவு ஓட்டை என்று புரிந்தது. அவரும் என் கணக்கைப் பார்க்கவில்லை, என் ஏழ்மையைத்தான் பார்த்தார்.

பென்னாகரம், ஆசிரியை:
ஐயா சொன்ன முறையில் முழுக் கட்டையும் மறுபடி திருத்தினேன். ஏழு தாள்களில் மதிப்பெண் மாறியது. முதல் வரிசை மாணவிக்கு வேறொரு வினாவில் 1 குறைந்தது. அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருந்ததை முதல் முறை நான் பார்க்கவே இல்லை. அந்த மாணவனுக்கும் ஒரு வினாவில் அரை குறைந்தது. நாளை இருவரிடமும் தாளைக் காட்டிக் காரணத்தைச் சொல்லப் போகிறேன்.