கற்பூர மர ஹைக்கூவை எந்தப் பருவத்தில் வைப்பது?

வணக்கம். மரங்களைப் பாடும் ஜப்பானிய ஹைக்கூக்களைத் தமிழில் பருவவாரியாகத் தொகுத்துவரும் நான், ஒரு கவிதையைச் சேர்க்க இடம் தெரியாமல் நிற்கிறேன். ஷின்டோ கோயில் ஒன்றின் முதிய கற்பூர மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளை ஒருவர் பெருக்குகிறார். கவிதை சொல்வது இவ்வளவே. ஆங்கிலம் வழியாகக் கிடைத்த இதற்கு மூலவடிவமோ கவிஞர் பெயரோ ஆண்டோ இல்லை.

பருவச்சொற்களைத் தொகுத்துத் தரும் சைஜிகி நூல்களின் மரபில் பிளம் பூ வசந்தத்துக்கும், சிவந்த மேப்பிள் இலை இலையுதிர்காலத்துக்கும், உதிர்ந்து கிடக்கும் இலை குளிர்காலத்துக்கும் உரியவை என்பதால், முதலில் இதைக் குளிர்காலத்தில் சேர்த்தேன். ஆனால் கற்பூர மரம் பசுமை மாறாதது. புதுத்தளிர் விடும் ஏப்ரல், மே மாதங்களையொட்டியே பழைய இலைகளைப் பெருமளவு உதிர்க்கிறது. இத்தகைய மரங்களின் இலையுதிர்வை அம்மரபு கோடையின் தொடக்கத்தில் தனியாகவே வைத்திருக்கிறது. மரங்களை இத்தனை கூர்ந்து கவனித்த மரபின் கவிதையை என் வசதிக்கேற்ப அடுக்க மனம் ஒப்பவில்லை. கைக்கெட்டிய தொகுப்புகளில் குளிர்காலம், கோடை ஆகிய இரு பகுதிகளிலும் தேடியும் மூலம் அகப்படவில்லை.

மரத்தின் பெயர் ஒன்றே சான்றாக இருக்கும்போது, இக்கவிதையைக் கோடைத் தொடக்கத்தில் வைப்பது மரபுக்குப் பொருந்துமா?