விடுதியில் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசவும் வேண்டும், பேசியது பரவவும் கூடாது. என்ன செய்யலாம்?

மார்த்தா அக்கா:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். பெண்களுக்கான ஓராண்டு கிறிஸ்தவ சீஷத்துவப் பயிற்சி விடுதியில் ஜூன் முதல் பொறுப்பாளராக இருக்கிறேன். 14 பிள்ளைகள், எல்லாரும் 18 வயது தாண்டியவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி கேட்காமலே கஞ்சி வைத்துக் கொடுப்பாள். அவ்வளவு பாசம்.

போன வாரம் மாலை ஜெபத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "இந்த அக்காவோட அப்பா திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டாராம், பாரத்தோட ஜெபிப்போம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அது அறைத்தோழியை நம்பி அவளிடம் மட்டும் சொன்ன விஷயம். அன்றிலிருந்து, அப்பாவைப் பற்றி நம்பிச் சொன்ன பிள்ளை ஜெபத்தில் வந்து உட்காருவதோடு சரி, வாய் திறப்பதில்லை.

இன்னொன்று, இரவு 11 மணிக்கு மேல் என் கதவைத் தட்டுகிறார்கள். "அக்கா, பேசணும்." திறக்காமல் இருக்க மனசு வரவில்லை. காலை 5 மணி ஜெபத்துக்குக் கண் எரிகிறது. நேரம் குறித்தால் அன்பு குறைந்துவிட்டது என்று நினைப்பார்களோ?

பழைய வார்டன்:
சிஸ்டர், முதலில் ஜெபக்குறிப்பு. அவரவர் காரியத்தை அவரவரே சொல்லட்டும். அடுத்தவளுக்காகச் சொல்வதென்றால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்மானியப் போதகர் போன்ஹோபர் 1935 முதல் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் ஒன்றாகத் தங்கித்தான் படித்தார்கள். 1937-ல் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை மூடிவிட்டது. ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தாலே நாக்கு அடங்கும். ஜெபத்தில் எழுந்து சொன்ன பிள்ளையும் தோழியிடம் தனியாகப் போய்ப் பேசட்டும். சபை நடுவே மன்னிப்புக் கேட்க வைத்தால் அப்பா கதை இன்னொரு முறை வெளியே வரும்.

இரவு விஷயத்துக்கு மாற்கு சுவிசேஷம் 1-ம் அதிகாரத்தைப் பாருங்கள். "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீஷர்கள் வந்து சொன்ன பிறகும் ஆண்டவர் அடுத்த ஊருக்குத்தான் கிளம்பினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். அதற்கு மேல் காய்ச்சல், அவசரம் என்றால் மட்டும் தட்டட்டும். மூத்த பிள்ளைகள் இருவரை, மற்றவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழக்குங்கள். எல்லாப் பாரத்தையும் தனியாகச் சுமக்காதே என்று மோசேக்கே மாமனார் எத்திரோ வந்து சொல்ல வேண்டியிருந்தது.

செவிலியர் ஸ்டெல்லா:
ஒன்று சேர்க்கிறேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், யாராவது அத்துமீறியது, இந்த இரண்டையும் மறைக்க முடியாது என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, பெண்கள் உதவி எண் 181 இரண்டையும் சுவரில் ஒட்டுங்கள். விடுதியைச் சேராத ஒரு பெண்ணின் எண்ணும் அங்கே இருக்கட்டும். புகார் பொறுப்பாளரைப் பற்றியோ பாஸ்டரைப் பற்றியோ இருந்தால் பிள்ளை எங்கே போவாள்?

முன்னாள் மாணவி:
அக்கா, கூடுகையில் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். நான் தங்கிய விடுதியில் எங்கள் அக்கா, "இன்னிக்கு வேண்டாம்னா வேண்டாம்" என்பார். அதனாலேயே ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மார்த்தா அக்கா:
நன்றி. வியாழன் கூடுகையில் பேசுகிறேன். அப்புறம், அம்மாமார் போன் செய்து "என் மக உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று கேட்கிறார்களே?

பழைய வார்டன்:
"நல்லா இருக்கா, அவளையே பேசச் சொல்றேன்மா" என்று சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்துவிடுங்கள், சிஸ்டர்.