செட்ரிசினோடு சளி மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?

காட்பாடிக்காரன்:
அப்பாவுக்கு 66 வயது. ஆடிக் காற்றில் பாலாற்றுப் புழுதி பட்டாலே அடுக்குத் தும்மல், மூக்கொழுகல். ராத்திரி செட்ரிசின் 10 மி.கி. போடுகிறார். பகலில் மூக்கடைத்தால் மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கி அதையும் போடுகிறார். அட்டையில் பாராசிட்டமால் 500, பினைலெஃப்ரின் 10, குளோர்பெனிரமைன் 2 மி.கி. என்றிருக்கிறது. பிரஷருக்கு அம்லோடிபின் 5 ஓடுகிறது. பகலெல்லாம் தூங்கி வழிகிறார், எழுந்தால் தள்ளாடுகிறார். இரண்டும் சேரலாமா?

சத்துவாச்சாரி மருந்தாளுநர்:
சேரக்கூடாது. அந்தச் சளி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். செட்ரிசினும் குளோர்பெனிரமைனும் ஒரே வேலையைச் செய்பவை, இரண்டுமே உடம்பில் தும்மலையும் மூக்கொழுகலையும் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. ஒரு செட்ரிசின் 24 மணி நேரம் தாங்கும். மேலே இன்னொன்று போட்டால் தும்மல் பெரிதாகக் குறையாது, மயக்கம்தான் கூடும். குளோர்பெனிரமைன் பழைய தலைமுறை மருந்து, மூளைக்குள் எளிதில் போய்விடும். வயதானவர்களுக்குத் தள்ளாட்டம், வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் எல்லாம் அதனால் வரும். ப்ராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஒன்றுக்குப் போக முடியவில்லை என்று சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பினைலெஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும், பிரஷர்காரருக்கு ஆகாது. மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலனே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு 2023-ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

தொரப்பாடி:
மேலே சொன்னதோடு ஒன்று. பெயர் வேறாக இருந்தால் மருந்தும் வேறு என்று நினைக்காதீர்கள். லெவோசெட்ரிசின் என்பது செட்ரிசினில் வேலை செய்யும் பாதி, அதன் 5 மி.கி.யும் இதன் 10 மி.கி.யும் ஒன்றுதான். மான்டெக் எல்சி மாத்திரையில் அது இருக்கிறது. அவிலும் ஹிஸ்டமின் தடுப்பு மருந்துதான். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் வெட்டுப்பட்டுப் போகும், அதனால் முழு அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாங்குங்கள்.

பாராசிட்டமாலையும் கூட்டிப் பாருங்கள். சளி மாத்திரை மூன்று வேளை, காய்ச்சலுக்கு 650 மூன்று வேளை என்றால் 3,450 மி.கி. உச்ச வரம்பே நாளுக்கு 4,000. ஒல்லியான உடம்பு, குடிப்பழக்கம், ஈரல் கோளாறு இருந்தால் அவ்வளவுகூடத் தாங்காது.

காட்பாடிக்காரன்:
நன்றிங்க. அப்போ மூக்கடைப்புக்கு?

சத்துவாச்சாரி மருந்தாளுநர்:
முதலில் உப்புநீர் சொட்டு. அடிக்கடி வந்தால் டாக்டரைக் கேட்டு ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே. அதைச் செட்ரிசினோடு சேர்த்து அடிக்கலாம். தலையைச் சற்றுக் குனிந்து, நடுச்சுவரில் படாமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கி அடிக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடக்கூடாது. சைலோமெட்டாசோலின் சொட்டு உடனே திறக்கும், ஆனால் ஐந்து நாளைத் தாண்டினால் சொட்டு இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வரும். பிரஷர் இருப்பதால் அவருக்கு அதைக் கேட்காமல் போடாதீர்கள்.

செட்ரிசின் மட்டும் போட்டும் தூக்கம் வந்தால் அதற்குப் பதிலாக ஃபெக்சோஃபெனடின் 120 பற்றி டாக்டரிடம் கேளுங்கள், இரண்டையும் சேர்த்து அல்ல. அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வயிற்றெரிச்சல் ஜெல் குடித்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், பார்த்து எத்தனை நாள் ஆகிறது? சிறுநீரகம் தளர்ந்திருந்தால் செட்ரிசினே 5 மி.கி.யாகக் குறைய வேண்டியிருக்கும்.

தொரப்பாடி:
உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மாத்திரை கொடுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.