சூப்பர்ஹீட்டருக்கு டி91 போடலாமா, பழைய டி22 போதுமா?

நகரி கோஜென்: எங்கள் ஆலை பாய்லர் கரும்புச் சக்கையில் ஓடுகிறது. 87 பார், 515 டிகிரி நீராவி. இந்த அரவை சீசனில் இரண்டாம் நிலை சூப்பர்ஹீட்டரில் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்த் தொகுதி) மறுபடியும் ஒரு டியூப் பிளந்துவிட்டது. டியூப் டி22, அதாவது 2.25 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் கலந்த எஃகு. காயில் (வளைத்த டியூப் வரிசை) முழுவதையும் 9 சதவீதம் குரோமியம் உள்ள டி91 எஃகுக்கு மாற்றச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மறுப்பு உண்டா?

புத்தூர் வெல்டர்: உண்டு. டி91-ஐ வாங்குவது சுலபம், வெல்டிங் செய்வதுதான் வேலை. 200 டிகிரிக்கு மேல் பிரீஹீட் (முன்சூடு), முடிந்ததும் 100-க்குக் கீழே ஆறவிட்டு, மறுபடி 750 சொச்சம் ஏற்றி நிறுத்த வேண்டும். சீசன் நடுவில் ராத்திரி ஒரு டியூப் போனால், "சீக்கிரம் ஏத்துப்பா" என்று நிற்கிறவர்கள் இதற்கெல்லாம் பொறுப்பார்களா? சூடு கூடிப்போனால் உலோகம் மெத்தென்று ஆகிவிடும். ஹார்ட்னெஸ் (கடினத்தன்மை) பிரினெல் அளவில் 190-க்குக் கீழே போனால் அது பேருக்குத்தான் டி91.

சூளூர்ப்பேட்டை பாய்லர்: வெல்டருக்குக் கஷ்டம் என்பதற்காக உலோகத்தைத் தள்ளிவைக்க முடியாது அண்ணா. 550 டிகிரியில் டி22 தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அனுமதி ஸ்ட்ரெஸ் (உலோகத்தின் மேல் விடக்கூடிய விசை) டி91-க்கு. சுவரை மெல்லியதாக வைக்கலாம், உள்ளே நீராவிக்கு இடம் கூடும். நிலக்கரி நிலையங்களில் எப்போதோ வழக்கமாகிவிட்டது.

புத்தூர் வெல்டர்: அங்கே ஹெடரும் (டியூப்கள் வந்து சேரும் பெரிய குழாய்) டி91 வகையிலேயே இருக்கும் தம்பி. இங்கே ஹெடரின் ஸ்டப் (டியூப் ஒட்டும் குட்டைக் குழாய்) எல்லாம் 2.25 குரோம். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் குரோம் குறைந்த பக்கத்துக் கார்பன் மெல்ல மறுபக்கம் நகரும். நகர்ந்த இடம் பலவீனம். இன்று டியூப் பிளக்கிறது, நாளை ஜாயின்ட் பிளக்கும்.

நகரி கோஜென்: சரி, பிளந்த துண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விரிசல் நீளவாக்கில் இருக்கிறது. உதடு தடிமனாகவே இருக்கிறது, மெலியவில்லை. உள்பக்கம் கறுப்புப் பொருக்கு, நகத்தால் கீறினால் அப்பளம் போல் உரிகிறது.

சூளூர்ப்பேட்டை பாய்லர்: அப்படியானால் நீண்டகாலக் கிரீப், அதாவது சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகம் மெல்ல மெல்ல விரிந்து பலவீனமாவது. பொருக்கு சூட்டைத் தடுக்கும், உலோகச் சூடு ஏறும், ஏற ஏறப் பொருக்கு இன்னும் வளரும். 15 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. டி22 இனி அந்த இடத்துக்கு உதவாது.

புத்தூர் வெல்டர்: சூடு ஏன் ஏறியது? சீசன் முடிந்ததும் என்ன எரிக்கிறீர்கள்?

நகரி கோஜென்: சக்கை தீர்ந்தால் வேர்க்கடலைத் தோல், சீமைக் கருவேல விறகு, கிடைத்தால் உமி.

புத்தூர் வெல்டர்: அப்புறம் என்ன! அந்தச் சாம்பலில் பொட்டாசியமும் குளோரினும் உண்டு. புகைப்பக்கம் ஒட்டிக்கொண்டு உலோகத்தைத் தின்னும். 9 குரோம் அதற்குப் பெரிய மருந்து இல்லை.

சூளூர்ப்பேட்டை பாய்லர்: தின்றிருந்தால் வெளிச்சுவர் மெலிந்திருக்கும். மெலியவில்லை என்கிறாரே! 347ஹெச் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் கிரீப், அரிப்பு இரண்டுக்கும் பதில் உண்டு, ஆனால் அந்த ஆஸ்டெனிட்டிக் வகை உலோகம் வெப்பத்தில் அதிகம் விரியும், ஜாயின்டை இழுக்கும். ஆக, கடைசி வரிசைக் காயிலுக்கு மட்டும் டி91. அதிலிருந்து நான் இறங்க மாட்டேன்.

புத்தூர் வெல்டர்: மாற்றுவதற்கு முன் டியூப் மேல் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 570-க்குள் நின்றால் சுவர் கூட்டின டி22 போதும். தாண்டினால் தம்பி சொல்கிறபடி செய்யுங்கள், ஜாயின்டை மட்டும் ஒர்க்ஷாப்பிலேயே வெல்டிங் செய்து, ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட்டோடு (சூடேற்றி ஆறவிட்ட பதிவு) வாங்குங்கள்.

நகரி கோஜென்: சார்ட் தராத ஒர்க்ஷாப்காரர் ஒருவர் ஏற்கெனவே கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், விலை குறைவு. இன்று அவரிடம் பேசுகிறேன்.