கலோரிக் ரெஸ்ட்ரிக்‌ஷன் மைமெட்டிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். குறைத்து உண்டால் (கலோரிக் ரெஸ்ட்ரிக்‌ஷன்) உடம்பில் நடப்பதைத் தானும் நடத்துகிற மருந்துக்கு நம் துண்டறிக்கையில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த பரிந்துரை இது:

> ‘உண்டிச் சுருக்கப் போலி’ என்று வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

கோவை ஐயாவின் இந்தப் பரிந்துரையை இரண்டு பேர் ஏற்றிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு பாதியிலும் மறுப்பு உண்டு.

முதலில் ‘போலி’. இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி என்று அது மதிப்போடுதான் இருக்கிறது. மருந்தோடு சேர்ந்தால் அதற்கு ஒரே பொருள்தான். மதுரை பெரியாஸ்பத்திரி வாசலில் மாத்திரைச் சீட்டோடு நிற்கிற யாரிடமும் ‘போலி’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், கள்ள மருந்து என்றுதான் பதறுவார். இங்கே நாம் சொல்ல வருவது நல்ல மருந்தை. குறைத்து உண்டால் உடம்பில் என்ன நடக்குமோ அதைத் தானும் நடத்துகிற வேதிப்பொருளை.

‘உண்டிச் சுருக்கம்’ இதைவிடச் சங்கடம். “உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு” என்ற கொன்றைவேந்தன் வரி காதில் விழாமல் இதைப் படிக்க முடியாது. நம் துண்டறிக்கை போகப்போவது மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டு, ரத்தசோகைக்கு மாத்திரை வாங்கும் அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘உண்டியைச் சுருக்கு, ஆயுசு கூடும்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. அறிவியலும் அதைச் சொல்லவில்லை. 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளுக்குத் தீனியைக் குறைத்தபோது வைட்டமினையும் தாது உப்பையும் குறைக்கவில்லை. கலோரி மட்டும்தான் குறைந்தது. அதனால்தான் அந்த எலிகள் நெடுநாள் வாழ்ந்தன. சத்து குறைந்தால் அது வெறும் பட்டினி. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் வறுமையின் சாயலோ, ஒருவர் மேல் ஒருவர் திணிக்கும் சாயலோ இருக்கக் கூடாது.

‘விரதம்’ கோயிலுக்குப் போய்விடும். ‘பத்தியம்’ நல்ல சொல், ஆனால் அது நோய் வந்த பிறகு, மருந்தோடு சேர்த்து இருப்பது. எங்கள் ஊரில் சுகர் வந்தவரிடம் “வாயைக் கட்டுங்க” என்பார்கள். உயிருள்ள வழக்கு, பேச்சில் தாராளமாக வரட்டும். கலைச்சொல்லாக நீட்டினால் ‘வாய்க்கட்டு’ என்று மந்திரவாதம் போல ஆகிவிடுகிறது.

என் பரிந்துரை ‘மறுத்துண்ணல்’. குறளில், மருந்து அதிகாரத்தில், “மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின் ஊறுபாடு இல்லை உயிர்க்கு” என்று வருகிறது. மனம் கேட்கிற அளவுக்கு உண்ணாமல், நோய் வராத அளவுக்கு உண்பது என்று பரிமேலழகர் இதற்கு உரை சொல்கிறார். மறுக்கிறவர் உண்பவரேதான்; அதோடு உண்ணவும் செய்கிறார். பட்டினியும் இல்லை, பிறர் கட்டாயமும் இல்லை. கலோரிக் ரெஸ்ட்ரிக்‌ஷனுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மைமெட்டிக் என்பதற்கு ‘நிகரி’. ஆக, மறுத்துண்ணல் நிகரி.

மேலூர் டாக்டர் அக்கா கேட்டிருந்தார்கள், “மறுத்து உண்டாலே போதுமே, நிகரி எதற்கு?” என்று. மறுத்து உண்பது கடினம், அதற்காகத்தான். அமெரிக்காவில் கேலரி என்ற ஆய்வில், உடல் பருமன் இல்லாதவர்களிடம் 2 ஆண்டுகளுக்கு 25% கலோரியைக் குறைக்கச் சொன்னார்கள். நிபுணர்கள் கூடவே இருந்தும் சராசரியாக 12% அளவுக்குத்தான் குறைக்க முடிந்தது. அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கறிதோசைக் கல் சூடாக இருக்கிற எங்கள் ஊரில் அந்த 12% எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

உணவு குறையும்போது செல்லுக்குள் எம்டோர் என்னும் புரதம் அடங்கி, வளர்ச்சி வேலை தணிந்து, பழுதுபார்க்கும் வேலை கூடுகிறது. ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து எடுத்த ராபமைசின் அந்த எம்டோரை நேரடியாகவே அடக்குகிறது. வயதான எலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியதாக 2009-இல் காட்டினார்கள். ஆனால் சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு நோய் எதிர்ப்பைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தும் இதுதான். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ராலையும் நிகரி என்று எவ்வளவோ பேசினார்கள். சாதாரண எலிகளில் ஆயுள் கூடவில்லை. மெட்ஃபார்மின், நம் ஊர் ‘சுகர் மாத்திரை’, நோய் இல்லாதவர் ஆயுளைக் கூட்டும் என்பதற்கு இன்னும் சான்று இல்லை. துண்டறிக்கையில் சொல்லை அறிமுகப்படுத்தும் அதே பத்தியில் இதையும் எழுதியாக வேண்டும். ‘நிகரி’ என்று படித்துவிட்டு யாரும் கடையில் போய்க் கேட்டு வாங்கிப் போட்டுவிடக் கூடாது.

அப்புறம், ஒரு சொல் பாக்கி இருக்கிறது. செல் தன் பழைய பாகங்களைத் தானே உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்டோஃபேஜிக்கு ‘தன்னுண்ணல்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறோம். ‘மறுத்துண்ணல்’ பக்கத்தில் அது வந்தால் படிப்பவர் குழம்புவார். ‘செல் துப்புரவு’ என்று மாற்றலாமா? அச்சுக்குப் போகும் முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.