மூசைக்கு (உருக்கும் கலத்துக்கு) தப்பிய வெள்ளிக் காசுகள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

சிம்மக்கல்லிலிருந்து:

மதுரைத் தெற்காவணி மூல வீதியில் பழைய வெள்ளி எடுக்கும் கடைகளுக்குக் கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழோடு காசுகளும் வருகின்றன. பெரும்பாலும் விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள். அயல்நாட்டுக் காசு எப்போதாவதுதான் வரும். நான் அங்கே போவதே அதற்காகத்தான்.

போன மாதம் கடைக்காரர் ஒரு பெரிய காசை எடுத்து வைத்தார். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்ததாம். ஒரு புறம் தலையில் கதிர்கள் சூழ அமர்ந்திருக்கும் பெண், மறுபுறம் பிரெஞ்சு எழுத்து. பிரெஞ்சு இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம் பகுதி) பியாஸ்டர்! நகரத்தார் சைகோனில் கடை வைத்திருந்த காலத்தில் அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் இந்தக் காசில்தான் நடந்தது. காரைக்குடிக்கு அது வந்த வழியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காசில் எனக்குப் பிடித்தது, தன் எடையையும் தரத்தையும் தானே சொல்வது. வெள்ளி 0.900, எடை 27 கிராம் என்று பின்புறத்திலேயே அச்சிட்டிருக்கும் (தொடக்க கால வெளியீடுகளில் 27.215). இதில் போலிகள் ஏராளம் என்பதால் எடையோடு நான் நிறுத்துவதில்லை. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொரு முறை நிறுப்பேன். 27 கிராம் காசு நல்ல வெள்ளியாக இருந்தால் ஏறத்தாழ 2.6 கிராம் குறைத்துக் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் குறைவு 3 கிராமை எட்டிவிடும். கடைக்காரர் பொறுமையாகத் தராசைக் கொடுத்தார். காசும் தேறியது. வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அது உருக்கப் போவதாக இருந்தது.

உங்களிடம் இருப்பவற்றைப் பற்றியும் எழுதுங்கள். என்ன விலை என்பதைவிட, உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை அறியத்தான் ஆசை.

மேலூரிலிருந்து:

தாத்தா பினாங்கில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த இரண்டு காசுகளிலும் ஒரு டாலர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்று பெரிது, மற்றது சிறிது. மதுரையில் ஒரு கடையில் சிறியதைப் போலி என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார்கள். அம்மா தரமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். பிறகு ஆண்டைப் பார்த்துத் தேடியபோது விவரம் தெரிந்தது. ஜலசந்திக் குடியேற்றங்களின் (பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் பகுதி) 1903ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராம். வெள்ளி விலை ஏறியதால், 1907இல் அதே 90 சதவீதத் தரத்தில் 20.21 கிராமாகக் குறைத்தார்கள். இரண்டும் அசல்தான். 1919இல் வந்ததோ இன்னும் சிறியது, அதில் பாதிதான் வெள்ளி.

ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து:

நான் வெள்ளிப் பட்டறைக்காரன். உருக்குவது என் தொழில். அதனாலேயே சொல்கிறேன், ராஜா தலை என்று எல்லா ரூபாயையும் ஒரே விலைக்குக் கேட்காதீர்கள். 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா, 91.7 சதவீத வெள்ளி என்பதெல்லாம் 1939 வரைதான். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல், அதில் வெள்ளியே இல்லை.

இன்னொன்று. விற்கக் கொண்டுவருவதற்கு முன் புளியும் விபூதியும் போட்டுப் பளபளவென்று தேய்க்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கருமை பல ஆண்டுகளில் மெல்லப் படிந்தது. அதைத் தேய்த்துவிட்டால் சேகரிப்பாளர் திரும்பியும் பார்க்கமாட்டார், காசு உருக்கு விலைக்கு வந்துவிடும். பதக்கமாக்க வளையம் பற்றவைத்த காசுக்கும் அதே கதிதான்.

திருநகரிலிருந்து:

தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து மார்கன் டாலர் என்ற பழைய வெள்ளிக் காசு ஒன்றை வாங்கி வந்தான். 1921ஆம் ஆண்டுக் காசு, 26.73 கிராம், 90 சதவீத வெள்ளி. எங்கள் பாட்டியின் பெட்டியில் 1919ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாய்கள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் இவற்றுக்குள் உறவு உண்டு என்பது எனக்குப் புரிந்தது.

முதல் உலகப் போரின்போது இந்தியாவில் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கத் தொடங்கினார்கள். அரசின் கையிருப்பு வற்றியது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. 1918இல் அங்கே வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர் காசுகள் உருக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 26 கோடிக் காசுகளின் வெள்ளி இந்தியாவுக்காகவே விற்கப்பட்டது. ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய்க்கு வெள்ளி தேறும். உருக்கியதை ஈடுகட்டத்தான் 1904இல் நின்றுபோன மார்கன் டாலரை 1921இல் மீண்டும் அடித்தார்கள். பாட்டியின் ரூபாயில் அந்த அமெரிக்க வெள்ளி கலந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு அடங்காத மகிழ்ச்சி.

முதலீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி நிதானமாக ஏறும் பொருள் அல்ல. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது, மார்ச் மாத இறுதிக்குள் 11 டாலர் அளவுக்குச் சரிந்தது. மகளின் கல்யாணத்துக்குச் சேர்ப்பவர்கள் கட்டி வெள்ளியோ 31.1 கிராம் (ஒரு அவுன்ஸ்) எடையுள்ள கனடாவின் மேப்பிள் லீஃப் போன்ற வெள்ளிக் காசோ வாங்கட்டும். அதிலும் 3 சதவீத ஜிஎஸ்டியும் கடையின் லாபமும் போகும், கழித்துக் கணக்குப் போடுங்கள். பழங்காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் கொடுப்பதென்றால், அந்த ஆண்டையும் எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் அச்சுச்சாலைக் குறியையும் படித்துத் தெரிந்துகொண்டபின் கொடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் குடும்பத்து விக்டோரியா ரூபாய்களைத் தபாலில் அனுப்பச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசும் தொல்பொருள்தான், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தோட்டம் உழும்போது பானையோடு காசு கிடைத்தால் அதற்கு வேறு சட்டம், 1878இலேயே வந்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படிக் கிடைத்தது என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள்.

திருநகர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. 1919ஆம் ஆண்டு ரூபாயில் சிறு புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தாவில். உங்கள் பாட்டியுடையது எது?