வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் தேவன் எனக்குச் சொன்னதா?

காட்பாடி வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொன்றாகப் பார்க்காமல் எடுத்த வசன அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது (கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம்). வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு அழைப்பும் கையில் இருக்கிறது. "கர்த்தரே போகச் சொல்லிவிட்டார்" என்கிறார்கள் வீட்டில். வாலிபர் கூட்டத்து அக்கா ஒருவரோ, "அது சீட்டுக் குலுக்கல் மாதிரிதான், அதை வைத்து முடிவெடுக்காதே" என்கிறார். வேதத்தின் வழியாக தேவன் பேசுகிறார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் எது அவர் சத்தம், எது என் ஆசை என்று எப்படிப் பிரித்தறிவது? வாசிக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆற்காடு வேதபாடம்:
தம்பி, அட்டையை ஓரமாக வைத்துவிட்டு எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து 14 வரை சத்தமாக வாசியுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி, "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும்" என்று ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறான். எரேமியாவின் கடிதம் எழுபது வருஷம் என்கிறது (வசனம் 10). அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் (5 முதல் 7). இதற்கெல்லாம் பிறகுதான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற 11-ம் வசனம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். ஊர் திரும்பியது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

ஆகவே விசா விஷயத்தில் அந்த வசனம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதற்காக அது உங்களுக்குப் பேசவில்லை என்று அர்த்தமல்ல. விரும்பாத இடத்தில் நெடுங்காலம் இருக்க நேர்ந்தவர்களையும் கர்த்தர் மறக்கவில்லை, அங்கேயே நாட்டுங்கள், அங்கேயே ஜெபியுங்கள் என்கிறது. ஒரு வசனம் முதலில் யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர்கள் காதால் அதைக் கேட்ட பிறகே நம் காதுக்கு அது சரியாக வந்து சேரும்.

தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. நம் பழைய திருப்புதலில் (சபைகளில் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) ஒருவரிடம் பேசினால் "நீ", பலரிடம் பேசினால் "நீங்கள்". மரியாதைப் பன்மை குறுக்கே வந்து குழப்புவது அரிது. எரேமியா 29:11-ல் இருப்பது "உங்கள்பேரில்". ஒரு ஜனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. லூக்கா 22:31, 32-ஐப் பாருங்கள். "சீமோனே" என்று ஒருவனை அழைத்து, சாத்தான் "உங்களை" புடைக்க உத்தரவு கேட்டான், நானோ "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்கிறார் இயேசு. புடைப்பது எல்லாச் சீஷரையும், ஜெபம் பேதுருவுக்காக. இன்றைய ஆங்கில வேதாகமத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. (அங்கே வருகிற சுளகு, நம் பக்கத்து முறம்தான்.)

தினசரி வாசிப்புக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் முடிக்காமல் தாவாதீர்கள். பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரே உட்காரலில் முடியும். 2 தீமோத்தேயு 3:16 வேதவாக்கியத்தின் நாலு பிரயோஜனங்களைச் சொல்கிறது: உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். வாசித்த பகுதி அன்றைக்கு இந்த நாலில் எதைச் செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டும்போது கடிந்துகொள்ளுதல் ஒரு நாள்கூட இல்லையென்றால், உங்கள் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

சத்துவாச்சாரி சகோதரி:
அட்டையை முழுசாகத் தள்ளிவிட வேண்டாம் தம்பி. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகள் 16:33-லேயே இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலனாகத் தெரிந்துகொண்டதும் சீட்டுப் போட்டுத்தான். ஆனால் அப்போஸ்தலர் 1-ல் நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தகுதியைப் பார்த்தார்கள், இரண்டு பேரை நிறுத்தினார்கள், ஜெபித்தார்கள், கடைசியில்தான் சீட்டு. பெந்தெகொஸ்தேவுக்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக ஒரு இடமும் இல்லை. 15-ம் அதிகாரத்தில் பெரிய தர்க்கம் வந்தபோது கூடிப் பேசினார்கள், நடந்ததைக் கேட்டார்கள், யாக்கோபு ஆமோஸின் வசனத்தை எடுத்துக் காட்டினார்.

அட்டைக்கு வசனம் பொறுக்குகிறவர்கள் ஆறுதலானதையே பொறுக்குகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்" என்ற ஆமோஸ் 5:21 எந்த அட்டையிலும் வராது. அதுவும் அவர் சத்தம்தான்.

குடியாத்தம் விவிலியப் பணி:
கத்தோலிக்கத் திருச்சபையில் பழகிவரும் ஒரு முறையைச் சொல்கிறேன். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ இதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக எழுதினார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆண்டவர் முன் அமைதியாக இருத்தல். பத்து வசனம் போதும், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு படிக்கே பாதிக்கு மேல் நேரம் கொடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். ஒருமுறை வேகமாக வாசித்துவிட்டு உடனே தங்கள் விண்ணப்பப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர் பேசி முடிக்குமுன் நாம் பேசத் தொடங்குவது போன்றது அது.

திருப்பாடல் (சங்கீதம்) 1:2-இல் "தியானம்" என்று வரும் இடத்தில் எபிரேயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். எசாயா 31:4-இல் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். எனவே உதடு அசையட்டும்.

ஆசையா, அழைப்பா என்று பிரித்தறிய மாற்கு 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "நான் என்ன செய்ய வேண்டும் என விரும்புகிறீர்கள்?" என்று யாக்கோபிடமும் யோவானிடமும் 36-ஆம் வசனத்தில் இயேசு கேட்கிறார். அதே கேள்வியை 51-இல் பார்வையற்ற பர்த்திமேயுவிடம் கேட்கிறார். அவர்கள் இருக்கை கேட்டார்கள், இவர் பார்வை கேட்டார். அந்தக் கேள்விக்கு உங்கள் பதிலை எழுதிவிட்டு, அது எந்தப் பதிலுக்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: அன்றன்றைய திருப்பலி வாசகங்களையே எடுத்துக்கொண்டால், பிடித்த பகுதியைத் தேடிப் போகும் சோதனை இராது.

வேலூர் ஜெபக்குழு:
மருத்துவமனை வராந்தாவில் ஜெபிக்கப் போகிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், இது நம் ஊருக்கு மிக அவசியம். "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற சங்கீதம் 118:17-ஐ நோயாளியிடம் கொடுத்து, இனி மருந்து தேவையில்லை என்று சொல்வது பெரிய தவறு. ஏசாயா 38-ல் மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதே அதிகாரம் 21-ம் வசனத்தில் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. வாக்குத்தத்தமும் வைத்தியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வசனத்தைத் துண்டாக எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மத்தேயு 4 போதும். இயேசுவைத் தாழக் குதிக்கச் சொல்லி, சாத்தான் சங்கீதம் 91-ஐச் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிடுகிறான். இயேசு அதற்கு, கர்த்தரைப் பரீட்சை பாராதே என்ற உபாகமம் 6:16-ஐ வைத்துப் பதில் சொல்கிறார்.

காட்பாடி வாலிபன்:
எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை முழுசாக வாசித்தேன், அனனியா பகுதி குத்தியது. பழைய திருப்புதலின் தமிழ் சில இடத்தில் புரியவில்லை. வேறு மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்ளலாமா?

ஆற்காடு வேதபாடம்:
தாராளமாக. நம் சபைகளில் வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வந்தது. அதில் "பரதேசி" என்றால் அந்நிய ஊரில் தங்கியிருப்பவன், இன்றைய வசவு அல்ல. எபிரெயர் 11:13-ல் விசுவாச வீரர்கள் தங்களையே அப்படித்தான் அறிக்கையிடுகிறார்கள். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் வேறுபடுகிற இடத்தில் நிறுத்தி வாசியுங்கள்.

வேலை விஷயத்துக்கு யாக்கோபு 1:5-ன்படி ஞானம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்பதைப் பாருங்கள். அங்கே கூடி ஆராதிக்க இடம் உண்டா என்று விசாரியுங்கள். பிறகு அப்பா அம்மாவோடும் ஆயர் ஐயாவோடும் உட்கார்ந்து பேசுங்கள், அந்த அக்காவையும் கூப்பிடுங்கள்.